ஜெரால்டின் மீதி

குறுவை அறுப்பு முடிந்த வாரத்தில் ஜெரால்ட் ஓமானிலிருந்து வண்டல்குடிக்குத் திரும்பி வந்தான்; உருவம் மட்டும் வரவில்லை. முதலில் வந்து சேர்ந்தது அவனுடைய கனம். மன்னார்குடி பஸ் நிலையத்து வாசலில் சவாரிக்குக் காத்திருந்த ஜாஃபர் சாதிக்கின் ஆட்டோ, யாரும் ஏறாமலே இடது பக்கமாகத் தாழ்ந்தது. ஜெரால்ட் எதில் ஏறினாலும் இடது ஓரத்தை ஒட்டித்தான் உட்காருவான் என்பது ஜாஃபருக்குத் தெரியும். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் திரும்பிப் பார்த்தான். சீட்டில் ஆளில்லை, ரெக்சின் மட்டும் அமுங்கியிருந்தது. வண்டியை எடுத்தான். பாமணி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது ஜெரால்ட் போடுகிற வேப்பெண்ணெய் சோப்பின் வாசனை அடித்தது. வண்டல்குடியில் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஆட்டோ நிமிர்ந்துகொண்டது. "டீச்சர், ஜெரால்ட எறக்கி விட்டுட்டேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு ஜாஃபர் அடுத்த சவாரிக்குப் போனான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அவன் மனைவி ஜூலியட் எழுந்து வந்து பார்த்தாள். தெருவில் ஒரு கோழியைத் தவிர யாருமில்லை. அவள் முதலில் ஜாஃபரைச் சந்தேகித்தாள்.

ஜூலியட்டுக்குச் சந்தேகம் தொழிலோடு வந்தது. மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் முதுகலைக் கணித மாணவர்களுக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் நடத்துகிறவள் அவள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யாரோ எதையோ ஒளித்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் எந்த நிரூபணத்தையும் படிப்பாள். முனைவர் பட்டம் வாங்கியது, வரப்பு மண்ணுக்குள் தண்ணீர் கசிந்து பரவுவதைச் சொல்கிற ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்காக. ஈரமும் காய்ந்த மண்ணும் சந்திக்கிற விளிம்பில் அந்தச் சமன்பாடு நின்றுபோகும். இதுதான் தீர்வு என்று அங்கே எதையும் விரல் வைத்துக் காட்ட முடியாது. தண்ணீர் என்னவோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் பரவிக்கொண்டிருக்கும். அதனால் அவள் துறையில் தீர்வையே நேரில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டார்கள். அதன் மேல் ஒவ்வொரு சோதனையாக வைத்துப் பார்ப்பார்கள். எல்லாச் சோதனைக்கும் பதில் சரியாக வந்தால், தீர்வு இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார்கள். அதற்கு வீக் சொல்யூஷன் என்று பெயர். அவள் அந்த ஆராய்ச்சியோடு மல்லுக்கட்டிய காலம் முழுக்க, ஒரு பக்கம்கூடப் படிக்காமல், பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஜெரால்ட். குழம்பையும் பிரமாதம் என்பான், அவள் கட்டிய சேலையையும் பிரமாதம் என்பான். யாரையும் ஏமாற்றமடைய விடாத முகம் அவனுக்கு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன நினைக்கிறான் என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஓமானில் சலாலா துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போனவன் முதலில் தினமும் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினான், பிறகு பெருநாட்களில். பிறகு பேச்சே இல்லை. நிறுவனத்தில் கேட்டதற்கு, வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். அவன் அண்ணன் ஜேசுராஜ், தம்பி செத்துத்தான் போயிருப்பான் என்று ஊரில் சொல்லிவந்தார். அவன் அம்மா அமலோற்பவம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்திவந்தார். ஜூலியட், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தாள். சாவைவிட அதுதான் தர்க்கத்துக்குப் பொருந்திவந்தது.

கனத்தைத் தொடர்ந்து மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. இருமல் அமலோற்பவத்துக்கு வந்தது. ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, தொண்டையைச் செருமி அவன் இருமுகிற அதே இருமல். ஏதாவது கேட்டால் ஆமாம் என்பதற்கு ஒரு தடவையும் இல்லை என்பதற்கு இரண்டு தடவையும் இருமுகிறான் என்பதை அவர் இரண்டொரு நாளில் கண்டுபிடித்துவிட்டார். நிழல் தெருக்காரர்களுக்கு வந்தது. வெயில் சாய்ந்த பிறகு மாதா கோயில் சுவரோரமாக அது நடந்துபோகும், பெண்கள் குடத்தோடு ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆற்றில் குளிக்கிறவர்கள் படித்துறைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீரில் ஒரு பள்ளம் நின்று முங்கி எழுவதைப் பார்த்தார்கள். ரேஷன் கடைக்கு அமலோற்பவம் போயிருந்தபோது கைரேகை மெஷின், அவர் விரலை வைப்பதற்கு முன்னாலேயே ஜெரால்டின் பெயரைக் காட்டிப் பச்சை விளக்கை எரித்தது. கடைக்காரர் வழக்கம்போல அரிசியை அளந்து போட்டார், ஜூலியட்டின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. சனிக்கிழமை பங்குச்சாமியார் பாவ அறிக்கை கேட்கப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும்போது மறுபக்கம் பலகை கிறீச்சிட்டது. அவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஜூலியட்டைப் பார்த்தும் பார்க்காதவர்போலப் போனார். அந்தப் பார்வையை அவள் மறக்கவில்லை.

ஜூலியட்டுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்தால் இருமல் நின்றது, நிழல் கலைந்தது. ஊரே சேர்ந்து ஒத்திகை பார்த்து நடிக்கிறது என்று அவள் சந்தேகித்தாள். ஊர் அவளைச் சந்தேகித்தது. கட்டினவளுக்குத் தெரியாமல் ஒரு புருஷன் வீட்டில் நடமாட முடியுமா, இவள் யாரையோ உள்ளே வைத்துக்கொண்டு நாடகம் போடுகிறாள் என்று குழாயடியில் பேசினார்கள். அமலோற்பவம் மருமகளைச் சந்தேகித்தார், அவன் முழுசாக வராதது இவள் வாய்க்குப் பயந்து என்று. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவர் போட்ட காப்பியை மற்றவர் முகர்ந்து பார்த்துக் குடித்தார்கள்.

ஜேசுராஜ் மட்டும் இதில் ஒரு வசதியைக் கண்டார். தம்பி பெயரில் வாய்க்கால் பாசனத்தோடு நல்ல நஞ்சை இருந்தது, பட்டா தனியாக. கைரேகை வந்துவிட்டதென்றால் கிரயப் பத்திரமும் முடிக்கலாம்தானே. ஒரு புதன்கிழமை ஜாஃபரின் ஆட்டோவை அமர்த்தி, "டேய் ஜெரால்டு, ஏறுடா" என்று காலி சீட்டைப் பார்த்துச் சொன்னார். ஆட்டோ தாழ்ந்தது. பதிவு அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மெஷினில் ரேகை பொருந்தியது, பெயரும் தகப்பன் பெயரும் வந்தன. புகைப்படம் எடுக்க நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், நாற்காலி கிறீச்சிட்டது. படத்தில் நாற்காலியும் பின்னால் நீலத் துணியும் மட்டும் விழுந்தன. திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் அதேதான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரேகை இருக்கு, மொகம் இல்லியே. மொகத்த கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை; ஒரு சான்றிதழ் குறைகிறது என்பதுபோலத்தான் சொன்னார்.

ஜாஃபர் வந்து இதைச் சொன்னதும் ஜூலியட் நேராக ஜேசுராஜ் வீட்டுக்குப் போனாள்.

"செத்துட்டார்னு சொன்னீங்களே அத்தான், செத்தவர எப்படி ரிஜிஸ்டருக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"உசுரோட இருக்கான்னு மெஷினே சொல்லுதும்மா. நான் என்ன பண்ண?"

"உசுரோட இருந்தா அவரு வாயால கேளுங்க."

"வாய் எங்க இருக்கு?" என்றார் ஜேசுராஜ். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அந்தக் கேள்வி அவளைப் பின்தொடர்ந்து வகுப்புக்கு வந்தது. அன்று அவள் நடத்த வேண்டியிருந்தது, ஒரு வரிசை எப்படி வீக்காகத் தன் எல்லையை நெருங்கும் என்பதை. கரும்பலகையில் பாதி எழுதியிருக்கும்போது மூன்றாம் வரிசையிலிருந்து குந்தவை என்ற மாணவி எழுந்தாள். கோட்டூர்ப் பக்கத்துப் பெண், ஆசிரியர்களை நிம்மதியாக விடாதவள்.

"அப்ப அது நெசமாவே இருக்கா மேடம், இல்ல இருக்குன்னு நாமளா ஒத்துக்கறமா?"

"கேட்ட கேள்வி அத்தனைக்கும் சரியா பதில் சொல்லுது. இல்லேன்னு எப்படிச் சொல்லுவ?"

"எல்லாத்தையும் சேர்த்து ஒரே கேள்வியா கேட்டா?"

"அங்கதான் நழுவும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் கேக்கணும். மொத்தமா கேட்டா ஒண்ணுமே கிடைக்காது." சொல்லும்போதே ஜூலியட்டுக்குக் கையிலிருந்த சாக்பீஸ் கனத்தது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தாள். "இன்னொண்ணு கவனிங்க. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சரியாகிட்டே வரும். ஆனா வந்து சேர்ந்ததோட மொத்த அளவு, கெளம்பினதவிடக் கொறைவா இருக்கலாம். கூடுறதுக்கு வழியில்ல, கொறையலாம்."

"கொறைஞ்சது அழிஞ்சு போயிடுமா மேடம்?"

"அழியணும்னு இல்ல. நம்ம கேள்வி எட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். அங்க முழுசா, சௌக்கியமா இருக்கும்."

மணி அடிக்கவில்லை, ஆனாலும் அவள் வகுப்பை முடித்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. அமலோற்பவம் கேட்டது ஒரு இருமலை, மெஷின் கேட்டது ஒரு கட்டைவிரலை, தெரு கேட்டது ஒரு நிழலை. தான்தான், அவன் வந்த நாளிலிருந்து, முழு ஆளையும் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்: எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், ஏன் பேசவில்லை, என்னைப் பார்க்கும்படி முன்னால் வந்து நில். அன்று சாயங்காலம் அவள் வத்தக்குழம்பு வைத்து, நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

தண்ணீர்ச் செம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அலமாரியில் உப்பு ஜாடியின் மூடி திறந்தது. ஒரு சிட்டிகை உப்பு காற்றில் வந்து குழம்பின் மேல் விழுந்தது. ஜூலியட் குழம்பை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பு குறைவாகத்தான் இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நாளும் உப்பு குறைவு என்று சொல்லாத மனிதன். அவளுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. இது ஜெரால்ட்தானா?

மறுநாள் காலை நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாள். சாலையோரம் குறுவை நெல் குவிந்து கிடந்தது. தராசுக்குப் பக்கத்தில் எடைபோடுகிற நெடுமாறன் மூட்டை வாயைச் சணலால் தைத்துக்கொண்டிருந்தார். தராசைக் கொஞ்சம் காலி செய்து தரச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஊரில் அப்போது யாரும் எதற்கென்று கேட்பதை விட்டிருந்தார்கள். "ஏறுங்க" என்றாள் அவள், தன் இடது பக்கத்துக் காற்றைப் பார்த்து. எண்கள் ஓடி நின்றன. நெடுமாறன் எட்டிப் பார்த்து, "ஒரு சிப்பத்துக்கு ஒரு கிலோ கூட நிக்கிறாரு டீச்சர்" என்றார். சிப்பம் நாற்பது கிலோ; ஆக நாற்பத்தொன்று. விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை செய்தபோது ஜெரால்ட் எழுபத்தெட்டு இருந்தான். பட்டினி கிடந்து இளைத்தவனின் எடை இல்லை இது. ஆற்றில் பள்ளம் பழைய அகலத்தில்தான் நிற்கிறது என்று குளிக்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். மீதி வேறெங்கோ இருந்தது.

வீட்டுக்கு வந்து, அமலோற்பவம் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டாள். "அங்க ஒருத்தி இருக்காளா?"

அமலோற்பவம் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தார். நாற்காலி ஒரு தடவை இருமியது.

ஜூலியட் வாய்க்கால் கரைக்குப் போய்த் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். வருடக்கணக்காக நினைத்துவந்தது சரியாகிவிட்டது. சரியான விடை வந்தால் எப்போதும் கிடைக்கிற அந்த நிம்மதி இதில் கிடைக்கவில்லை. ஒரு வாரம் அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நாற்காலியின் அமுக்கம் மாறாமல் அப்படியே இருந்தது.

வார முடிவில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஜூலியட்டாங்க?"

"யாரு?"

"எம்பேரு விஜயலட்சுமி. கோடியக்கரைப் பக்கம். இங்க சலாலாவுல தையக்கடை வச்சிருக்கேன். அவரு இங்க இருக்காரு."

"தெரியும்."

"எப்படிங்க தெரியும்?"

"எடை போட்டுப் பார்த்தேன்."

மறுமுனையில் நீண்ட மூச்சு கேட்டது. "அதத்தாங்க்கா கேக்கலாம்னு போன் பண்ணேன். கொஞ்ச நாளா நாற்காலில ஒக்காந்தா சத்தமே வரல. வெயில்ல நின்னா நெழலு இல்ல. கார்டு புதுப்பிக்கப் போனா மெஷின் ரேகையே எடுக்கல, விரலு வழுவழுன்னு இருக்கு. நீங்கதான் ஏதோ செஞ்சு வச்சு இழுக்குறீங்கன்னு நெனச்சேன்."

"செய்வினையா? நாங்க வேதக்காரங்க."

"வேதக்காரங்களும் செய்யத்தான்க்கா செய்யுறாங்க."

ஜூலியட்டுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. அதை அடக்கிக்கொண்டாள். பிறகு இருவரும், பாகம் பிரிக்கிற வீட்டில் பாத்திரங்களைச் சரிபார்ப்பதுபோல, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். எதிராளி ஒளிக்கிறாளோ என்ற நினைப்பு இருவருக்கும் இருந்தது. அதனால் கேட்டதையே மாற்றிக் கேட்டார்கள். இருமல் இங்கே. சோப்பு வாசனை இங்கே. ரேகையும் நிழலும் இங்கே. பேச்சு அங்கே. சிரிப்பு அங்கே. முகம் அங்கே. எதுவும் இரண்டு இடத்தில் இல்லை, எதுவும் விட்டுப்போகவும் இல்லை. அங்கே பார்சல் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னாள் ஜூலியட். விஜயலட்சுமி சொன்ன எடையைக் கூட்டினால் கணக்கு நேராக வந்தது.

மறுநாள் வீடியோ அழைப்பில் மகனுடைய முகத்தை அமலோற்பவத்துக்குக் காட்டினார்கள். முகம் நன்றாக இருந்தது, கன்னம் கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. அமலோற்பவம் திரையை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எப்ப சாமி வருவ?"

"கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வந்துடுறேம்மா" என்று முகம் சிரித்தது. அதே சிரிப்பு, பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாத சிரிப்பு.

ஜன்னலோர நாற்காலி இரண்டு தடவை இருமியது.

அமலோற்பவம் மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், பிறகு கைபேசியை மருமகளிடம் நீட்டிவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஜூலியட் திரையில் தெரிந்த அந்த அழகான முகத்தை அப்போதுதான் முதன்முறையாக, எந்தக் கேள்வியும் இல்லாமல் பார்த்தாள். பிரமாதம் என்று அவளிடம் அத்தனை வருடம் சொல்லிவந்தது இதுதான். உப்பு குறைவு என்று சொன்னது நாற்காலியில் இருப்பது. பொய் சொல்வதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. இங்கே வந்திருப்பவனிடம் அது இல்லை.

விஜயலட்சுமி கைபேசியை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. "அக்கா, மீதியையும் அனுப்பிடட்டுமா? டிக்கெட் எடுத்துக் கொடுத்தா கெளம்பிடுவாரு. எது சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவாரு."

"அதான் வேணாங்கறேன்."

"நெசமாவா?"

"ஒங்களுக்கு வேணுமா?"

மறுமுனையில் தையல் மெஷினின் சத்தம் கொஞ்சம் ஓடி நின்றது. "சிரிச்சா நல்லா இருக்குக்கா" என்றாள் விஜயலட்சுமி, தாழ்ந்த குரலில்.

"அப்ப வச்சுக்கங்க" என்றாள் ஜூலியட். "அவரு சொல்றது எதாச்சும் சந்தேகமா இருந்தா எனக்குப் போன் போடுங்க. இங்க கேட்டுச் சொல்றேன்."

விஜயலட்சுமி அடிக்கடி போன் போட்டாள். அந்த வருடம் சம்பா கதிர் வாங்கும்வரை ஜூலியட் நாற்காலியிடம் நாளுக்கொரு கேள்வி கேட்டாள், அதற்கு மேல் இல்லை. கேட்கக் கூசிய கேள்விகளும் அதில் இருந்தன. என்னைக் கட்டிக்கொண்டபோது பிடித்துத்தான் கட்டிக்கொண்டாயா என்று ஒரு நாள் கேட்டாள். பதில் வர நேரமானது. ஒரு இருமல் வந்தது. இரண்டாவதும் வருமோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெயில் ஜன்னலை விட்டுச் சுவருக்கு ஏறும்வரை காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் முன்போல அவ்வளவாகச் சந்தேகிக்கவில்லை; ஜேசுராஜைத் தவிர. அவரும் முகம் வராத நிலத்தை விற்க முடியாது என்று தெரிந்து, அதைத் தானே உழுது பாதி நெல்லை ஜூலியட் வீட்டில் இறக்கிவிட்டுப் போகத் தொடங்கினார்.

அமலோற்பவம் இறந்தபோது சவப்பெட்டி ஒரு பக்கம் லேசாக இருந்ததாகத் தூக்கியவர்கள் சொன்னார்கள். சில வருடங்களில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர்கள் ஜெரால்ட் இந்த முகவரியில் வசிக்கிறாரா என்று கேட்டால், தெருவில் யாராவது நிழலைக் காட்டுவார்கள், அவர்கள் டிக் அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். குந்தவை அதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, தன் மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தும்போது வண்டல்குடியை ஒரு சாதாரண உதாரணமாகச் சொன்னாள். போன ஆவணியில் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க ஆள் குறைவாக இருந்தது. பையன்கள் பாதிப் பேர் வெளிநாட்டில். தோள் கொடுத்துத் தூக்குகிற கொம்புகளில் பின்பக்க இடது கொம்புக்கு ஆளே இல்லை. பங்குச்சாமியார் மணியடித்தார், தூக்கினார்கள், சப்பரம் நேராக எழுந்தது. தெரு முழுக்கச் சுற்றி வந்தும் அந்தக் கொம்பு தாழவில்லை. ஜூலியட் மெழுகுவர்த்தியோடு அதற்குப் பின்னால் நடந்தாள். எதிரே வந்த ஒரு லாரிக்காரர் மட்டும் வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் யாரும் பிடிக்கலியே என்று கேட்டார். ஜெரால்ட் பிடிச்சிருக்காரு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். லாரிக்காரர் தலையாட்டிவிட்டு, சப்பரம் போக இடம் விட்டு, வண்டியை வரப்போரமாக ஒதுக்கினார்.